நாலு உள்ளங்கை அகலம்

"இது இன்னும் எவ்வளவு நாளைக்கு ஓடும், அம்மிணி?"

அண்ணாவி தன் காரின் டயரைக் காட்டிக் கேட்டார்.

தில்லைநாயகி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். டயரின் பள்ளத்தை விரல்நுனியால் ஒரு சுற்றுத் தடவினாள்.

கொல்லிமலை அடிவாரத்தில், முதல் வளைவுக்குச் சற்று முன்னால் இருந்தது அவளுடைய டயர் கடை. பலகை கிடையாது. வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட இரண்டு டயர்கள்தான் அடையாளம். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. டயர் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேரை, "இன்னும் ஓடுமுங்க, போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அதனாலேயே மலை டிரைவர்கள் அவளை வாத்தியாரம்மா என்றார்கள். நரைத்த தலைகளும் அப்படித்தான் கூப்பிட்டன.

அண்ணாவிக்கு ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருடமாக எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் டாக்சி ஓட்டுகிறவர். ஒரு கீறல் விழுந்ததில்லை. தன்னையும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் வந்திருந்தார்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மெக்கானிக் நாப்பதாயிரம் கிலோமீட்டருங்கறான். டவுன் கடைக்காரர் அஞ்சு வருசங்கறார். என் மச்சான் பள்ளத்துல தீக்குச்சிய விட்டுப் பாத்துட்டு, மருந்து முழுகுற வரைக்கும் பயமில்லைங்கறான். ஸ்டாண்டுல கேட்டா, உள்ள நூல் தெரியற வரைக்கும் ஓட்டுங்கறாங்க. இதுல எது நெசம்?"

"நாளைக்கு யார ஏத்தறீங்க?"

"வளப்பூர்ல ஒரு பொண்ணு. ரஞ்சிதம்னு பேரு. ஒம்பது மாசம். வவுத்துல ரெட்டை. வலி எடுக்கறதுக்கு முன்னாடியே வந்து சேந்துக்கச் சொல்லிட்டாரு டாக்டரு. காத்தால கூட்டிட்டு எறங்கோணும்."

"மழை?"

"ஐப்பசில வராம இருக்குமா?"

தில்லைநாயகி எழுந்து கையை நீட்டினாள்.

"சாவி குடுங்கண்ணா."

கொடுத்தார். அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். அண்ணாவி சுற்றிப் போய் முன்பக்க இடது கதவைத் திறந்தார்.

"அங்க வேண்டாமுங்க. பின்னாடி."

அண்ணாவி பின்கதவைத் திறந்தார். ஏறுவதற்குள் தடுமாறிப் போனார். எந்தக் காலை முதலில் வைப்பது என்றே தெரியவில்லை. எத்தனையோ வண்டி மாற்றியிருக்கிறார். ஒன்றிலாவது பின்சீட்டில் உட்கார்ந்ததில்லை.

கார் மலையேறியது.

அவள் வேகமாகப் போகவில்லை. மெதுவாகவும் போகவில்லை. அவர் எப்படி ஓட்டுவாரோ அப்படியே ஓட்டினாள்.

முதல் வளைவிலேயே அண்ணாவியின் வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

இரண்டாம் வளைவு. மூன்றாம் வளைவு. ஜன்னலில் சாலை தெரியவில்லை. மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. முன்னால் ஒரு பிடரி தெரிந்தது. அந்தப் பிடரி எதைப் பார்க்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் பாத்து, அம்மிணி."

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாம் வளைவில் முன்சீட்டின் முதுகை இறுகப் பிடித்தார். விரல்கள் ரெக்சினில் புதைந்தன.

அங்கே ஏற்கெனவே கிழிசல் இருந்தது. நாலு கீறல். ரொம்ப நாளாகவே இருக்கிற கிழிசல்தான். ஏறுகிற குழந்தைகள் நோண்டுகின்றன என்று எத்தனை முறை திட்டியிருப்பார்! இரண்டு தடவை ஒட்டுக்கூடப் போட்டார்.

இப்போது அவருடைய நாலு விரலும் அந்த நாலு கீறலில் பொருந்தி உட்கார்ந்திருந்தன.

அண்ணாவி கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. காய்ச்சல்காரர்கள், பாம்பு கடித்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், சந்தைக்கு மிளகு கொண்டுபோனவர்கள் என்று எத்தனை பேர் இங்கே உட்கார்ந்து வந்தார்கள்! பயமாக இருக்கிறது என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இறங்கும்போது, "நல்லா ஓட்டுனீங்க" என்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பன்னிரண்டாம் வளைவு தாண்டி, சாலை அகலமாக இருந்த ஒரு சரிவில் காரை நிறுத்தினாள். இறங்கி, சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தாள். வானம் கருத்திருந்தது. சாலை இன்னும் காய்ந்துதான் கிடந்தது.

"எதுக்கு இங்க?"

"மழைக்கு."

இருவரும் ஒரு பாறைக் குடைவுக்குள் ஒதுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. மேலே இருந்து சிவந்த தண்ணீர் சாலை நிறைய வழிந்து வந்தது. காருக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் வெளியேறி, வளைவில் இறங்கி ஓடியது.

அரை மணி நேரம் நின்றார்கள்.

மழை தூறலானது. தில்லைநாயகி காரில் ஏறினாள்.

"நான் நகத்துனதும் சக்கரம் நின்ன எடத்தப் பாருங்க. கண்ணெடுக்காமப் பாருங்க."

கார் பக்கவாட்டில் ஒடித்து, பழைய தடத்தின் மேல் ஏறாமல் ஒரு கார் நீளம் முன்னே நகர்ந்தது.

அண்ணாவி பார்த்தார்.

வழிந்தோடும் தண்ணீருக்கு நடுவே நாலு இடம் மட்டும் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அகலம்.

மண்டியிட்டு ஒன்றின் மேல் கையை வைத்தார். கை அதை ஏறக்குறைய மூடிவிட்டது. அடியில் தார் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"இவ்வளவுதானா, அம்மிணி?"

"இவ்வளவுதானுங்க."

"மொத்த வண்டிக்குமா?"

"ஆளுங்களையும் சேத்து."

அண்ணாவி அண்ணாந்து மலையைப் பார்த்தார். மேகத்துக்குள் மறையும் வரைக்கும் வளைவுக்கு மேல் வளைவாகச் சாலை போய்க்கொண்டிருந்தது. பிறகு கீழே பார்த்தார். அங்கேயும் அப்படித்தான். இருபத்தெட்டு வருடம் இந்த மலையைத் தன் இரண்டு கையால் பிடித்து ஓட்டியதாக நினைத்திருந்தார். பிடித்திருந்தது இந்த நாலு கை.

"சீக்கிரம் பாருங்க. தண்ணி மூடிரும்" என்றாள்.

மறுபடி குனிந்தார். பின்சக்கரங்கள் நின்ற இரண்டு தடத்திலும் ஈரக் கோடுகள் ஓடியிருந்தன, கைரேகை மாதிரி. டயரின் பள்ளம் வழியாகத் தண்ணீர் புகுந்து வெளியே போயிருந்தது.

முன்சக்கரங்கள் நின்ற தடங்களில் கோடே இல்லை. ரேகை இல்லாத உள்ளங்கை. மொழுமொழுவென்று இருந்தது.

"முன்னாடி ரெண்டுலயும் தண்ணி போக வழியில்லையே?"

"ஆமாங்க."

"அப்ப ஓடும்போது தண்ணி எங்க போகும்?"

அவள் குனிந்து, தன் உள்ளங்கையை ஓடும் தண்ணீரின் மேல், தாரைத் தொடாமல் மிதக்கவிட்டாள்.

தண்ணீர் வந்து நாலு தடத்தையும் மூடியது. அவர் கையையும் மூடியது.

திரும்பி இறங்கும்போது, யாரும் சொல்லாமலே பின்சீட்டில் ஏறினார்.

கடைக்கு வந்ததும், "மாத்திரலாம். நாலையும் மாத்திரலாம்" என்றார்.

தில்லைநாயகி உள்ளே கையைக் காட்டினாள். "நீங்களே எடுங்க."

அண்ணாவி நேராகப் போய் ஒன்றைத் தொட்டார். கட்டை கட்டையாக, ஆழமான பல்லோடு, காட்டையே கடித்துத் தின்றுவிடும் போலிருந்தது அந்த டயர்.

"இது. இதுதான் நல்லாப் பிடிக்கும்."

"சேத்துல பிடிக்கும். நீங்க போற வழியில சேறு எங்க இருக்குது?"

யோசித்தார். "எழுபது வளைவும் தாரு."

"அதுமேல?"

"தண்ணி."

கையைத் தானே எடுத்துக்கொண்டார். மூலையில் ஆரவாரம் இல்லாத டயர் ஒன்று நின்றது. சுற்றிலும் நாலு நீளப் பள்ளம், அவற்றிலிருந்து ஓரத்துக்குப் பிரியும் சின்னச் சின்ன வாய்க்கால்கள். விரலை விட்டுப் பார்த்தார். எங்கே நுழைந்தாலும் வெளியே போக வழி இருந்தது.

"இது."

அவள் தலையசைத்தாள். "உங்க அளவுல ரெண்டுதான் இருக்குது. மிச்சம் ரெண்டு வெள்ளிக்கெழம வரும்."

"நாளைக்குக் காத்தால எறங்கோணுமே!" அண்ணாவி வாசலைப் பார்த்தார். "அதா தொங்குதே, அந்த ரெண்டும் என் அளவுதானே? புதுசாட்டத்தான இருக்குது?"

அவள் ஒன்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

பள்ளம் முழுசாக இருந்தது. ஒரு நாளும் சாலையைத் தொட்டிராத டயர். அண்ணாவிக்குச் சந்தோஷமாக இருந்தது.

"மடக்கிப் பாருங்க."

இரண்டு கையாலும் அழுத்தி மடக்கினார். மடங்கிய இடத்தில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன, பித்தவெடிப்பு விழுந்த குதிகால் மாதிரி.

பக்கச் சுவரில் சின்னதாக நாலு எண் அச்சடித்திருந்ததைக் காட்டினாள். "மொத ரெண்டு, வாரம். அடுத்த ரெண்டு, வருசம். இது பொறந்து ஒம்பது வருசமாச்சுங்க."

"ஓடவே இல்லையே, அம்மிணி?"

"வெயிலு படுதில்லீங்களா?"

அண்ணாவி அதை மெதுவாகக் கீழே வைத்தார். மூலையில் நின்ற புது டயர்களிடம் போய், குனிந்து, அவற்றின் எண்ணைத் தேடிப் படித்தார். இந்த வருடத்து ஆடியில் பிறந்தவை. சின்னப் பிள்ளையின் தலையைத் தொடுவதுபோல ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"சரி. இருக்கற ரெண்டையும் முன்னாடி மாட்டிருங்க."

தில்லைநாயகி ஜாக்கியை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போனாள்.

"முன்னாடிங்க அம்மிணி. தேஞ்சது முன்னாடிதான?"

அவள் பின்சக்கரத்தைக் கழற்றினாள். முன்னால் இருந்த மொழுமொழு டயரைக் கழற்றி ஓரமாக எறிந்துவிட்டு, அதை அங்கே மாட்டினாள். புது டயர் பின்னால் போனது.

அண்ணாவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸ்டியரிங் முன்னாடி இருக்குது. எஞ்சின் முன்னாடி இருக்குது. இழுக்கறது முன்சக்கரம். புதுசக் கொண்டுபோய்ப் பின்னாடி மாட்டறீங்களே!"

"முன்னாடி வழுக்குனா உங்க கைக்குத் தெரியுமுங்க, சமாளிச்சிருவீங்க."

"பின்னாடி வழுக்குனா?"

அவள் பின்கதவைத் திறந்து, அவர் உட்கார்ந்து நனைந்திருந்த சீட்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் விடிந்தும் மழை விடவில்லை. அண்ணாவி வளப்பூருக்குப் போய் ரஞ்சிதத்தை ஏற்றிக்கொண்டார். கூட அவள் மாமியார். பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்து, சாய்ந்து, மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகுதான் வண்டியை எடுத்தார்.

எழுபதாவது வளைவு. அறுபது. ஐம்பது. சாலை ஓடையாக இருந்தது.

நாற்பத்தொன்றில் ஒரு மரக்கிளை ஒடிந்து, ஈரச் சருகு சாலையெல்லாம் பரவிக் கிடந்தது. பார்த்து வேகத்தைக் குறைத்துத்தான் திருப்பினார். ஆனாலும் ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிட்டது, இழுத்துப் பிடித்த கயிறு தளர்ந்ததுபோல. காரின் முகம் வளைவை விட்டு வெளிப்பக்கச் சுவரை நோக்கிப் போனது.

அண்ணாவியின் கைக்குத் தெரிந்தது.

பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பவுமில்லை. காலை மட்டும் மெல்ல எடுத்தார். ஓர் ஆள் நீளம் போயிருக்கும். அவருக்கு அது ஒரு யுகம். அந்த யுகம் முழுவதும் காரின் பின்பாதி அசையவில்லை; அசைந்திருந்தால் வண்டியே சுழன்றிருக்கும். யாரோ பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்ட மாதிரி அவர் அதைத் தன் முதுகில் உணர்ந்தார்.

முன்சக்கரம் தாரைப் பிடித்தது. கார் வளைந்தது.

அதன்பிறகு நாற்பது வளைவு மிச்சம் இருந்தது. எப்படி இறங்கினார் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவரால் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மிச்சம் இரண்டு டயருக்காகக் கடைக்கு வந்தார். தில்லைநாயகி ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரஞ்சிதத்துக்கு ரெண்டும் பொண்ணு. மூணு பேரும் சொகமா இருக்காங்க" என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. "வழியில வழுக்குச்சுங்களா?"

"நாப்பத்தொண்ணுல. முன்னாடி."

"பின்னாடி இருந்தவங்க?"

அந்த வளைவு தாண்டியதும் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தது அவர் கண்முன் வந்து நின்றது.

"தூங்கிட்டிருந்தாங்க, அம்மிணி."