நார் குடித்த தண்ணீர்

சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த அந்த இரண்டு பெண்களையும் ஆலைக்காரர்கள் குரு, சிஷ்யை என்றுதான் சொல்வார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

குரு, பிளாரன்ஸ் மேடம். ஆய்வகம் அவர் பொறுப்பு. சிஷ்யை அஞ்சலாட்சி, அவருக்குக் கூடமாட வேலை செய்கிறவள். இரண்டு பேருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் மேடம் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. கையில் ஒரு வேலையைக் கொடுப்பார். இல்லாவிட்டால் டீ குடிக்கப் போய்விடுவார்.

அந்த வாரம் அஞ்சலாட்சிக்குக் கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்.

மகள் தர்ஷிகாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காதைச் சோதித்த டாக்டர், காதில் குறையில்லை, அதட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள், கொஞ்ச நாள் கழித்துத் திரும்பக் கூட்டி வாருங்கள் என்றார். அஞ்சலாட்சி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பேச்சுக்கு எங்கே போவாள்? வாக்கப்பட்டு வந்த வீட்டில் கேட்டதற்கு ம் கொட்டுவதோடு சரி. பிள்ளையிடம் அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான்.

"சொல்லு. அம்மா சொல்லு."

தலை வாரும்போது அதுதான். சோறு ஊட்டும்போதும் அதுதான். ஒரு கையில் தேன்மிட்டாயை மூடி வைத்துக்கொள்வாள். சொன்னால்தான் மிட்டாய். பிள்ளை மூடிய கையைப் பார்க்கும், அம்மா முகத்தைப் பார்க்கும், பிறகு எழுந்து போய்விடும்.

பண்ருட்டியில் இருந்த நாத்தனார் விருத்தாம்பாள், ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொல்லிவிட்டாள். அவள் வீடு நிறையப் பிள்ளைகள். அங்கே இருந்தால் தானாகப் பேசிவிடுமாம். இங்கே அம்மாக்காரியே வாயைத் திறக்க மாட்டாள், பிள்ளை யாரைப் பார்த்துப் பேசும் என்று கேட்டாள். அஞ்சலாட்சி அதற்கும் ம் கொட்டினாள். புருஷன் கதிர் மட்டும் அவள் காதில் சொன்னான். அதற்குள் பிள்ளை ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று.

ஒரு வார்த்தைக்காக வீட்டில் பிள்ளையைத் துளைத்தாள். ஆலைக்கு வந்தால் நாரைத் துளைத்தாள்.

அந்த வாரம் ஆய்வகத்தில் நார்ச் சோதனை. கரும்பை எத்தனை உருளையில் கொடுத்துப் பிழிந்தாலும் நார் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் இனிப்பு இருக்காது. அது எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். உருளைக்கு எண்ணெய் விடும் மாசிலாமணி அதைக் கேட்டுவிட்டு, பிழிந்தால் வராத தண்ணீரா, என் உருளையிடம் சொல்லிப் பாருங்கள் மேடம் என்று சிரித்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை அஞ்சலாட்சி நாரைக் கழுவினாள். இனிப்பு முழுக்கப் போகிறவரை கழுவி, ஓவனில் சுக்காகக் காயவைத்து, ஈரம் புகாத கண்ணாடி ஜாடிக்குள் ஆறவைத்தாள். ஆறுகிறவரை மூடியைத் திறக்கக் கூடாது. ஆறிய பிறகு சர்க்கரைக் கரைசலில் போட்டு வைத்து, அந்தக் கரைசலின் இனிப்பை மீட்டரில் பார்க்க வேண்டும். நார் தண்ணீரைக் குடித்திருந்தால் ரீடிங் ஏறும்.

அன்று ரீடிங் ஏறவே இல்லை என்கிற மாதிரி நின்றது.

"இந்த நார் தண்ணியே குடிக்கலை மேடம்."

மேடம் ஜாடியின் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூடி முழுக்க விரல் தடம்.

"எத்தனை தடவை திறந்தே?"

"காஞ்சிருக்கான்னு பார்த்தேன் மேடம். சும்மாதான்."

"நீ திறக்குறப்போ எல்லாம் காத்துல இருக்கிற ஈரம் உள்ளே போகும். உன் மூச்சுல இருக்கிறதும் போகும். அதைக் குடிச்ச நார் அப்புறம் கரைசல்ல என்ன குடிக்கும்? குடிக்கலைன்னு சொல்றே. நீ பார்க்கப் பார்க்க அது குடிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கு."

அஞ்சலாட்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு நாள் வேலை வீண். ஞாயிற்றுக்கிழமைக்கும் நாள் இல்லை.

"உள்ளே இருக்கிறதை வெளியே வரவைக்க என்னதான் மேடம் வழி?"

அவள் நாரைப் பற்றிக் கேட்கவில்லை என்று மேடத்துக்குத் தெரியும். வீட்டுக் கதை முழுவதையும் அவர் முன்பே கேட்டிருந்தார்.

"நாளைக்குப் பாப்பாவையும் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை பிள்ளை வந்தது. மேசைக்குக் கீழே உட்கார்ந்து பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கத் தொடங்கியது.

புதிதாகக் கழுவிக் காயவைத்த நார் ஜாடிக்குள் ஆறியது. இந்தத் தடவை ஜாடியை யாரும் திறக்கவில்லை. மேடம் சர்க்கரைக் கரைசலை முதலில் மீட்டரில் வைத்து, ரீடிங்கை அஞ்சலாட்சியையே பார்க்கச் சொன்னார். பிறகு நாரைக் கரைசலில் போட்டு இறுக்கி மூடினார்.

"உட்காரு. இது முடியுற வரைக்கும் நீ எதையும் தொடக் கூடாது. எதையும் கேட்கவும் கூடாது."

"யாரை மேடம்?"

"யாரையும்."

மேடம் வெளியே போனார், கதவு சாத்திக்கொண்டது.

அஞ்சலாட்சி உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. கைக்குள் தேன்மிட்டாய் இருந்தது. சொல்லு என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கினாள். மறுபடியும் வந்தது. புடவை முந்தியை விரலில் சுற்றினாள், பிரித்தாள். எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். கேட்கக் கூடாது என்று ஆனதும், கேட்பதைத் தவிர இந்தப் பிள்ளையிடம் தான் வேறு எதுவுமே பேசியதில்லை என்பது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

சும்மா இருக்கவும் முடியாமல் வாய்க்குள்ளேயே ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். இது தராசு, இதன் முன்னால் மூச்சு விட்டால்கூட முள் ஆடும். அதோ அந்தச் சத்தம் உருளை, அதற்கு மாசிலாமணி அண்ணன் எண்ணெய் விடுவார், பாட்டு நன்றாகப் பாடுவார். வேலைக்கு வந்த புதிதில் சங்கு ஊதினாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும். உன் அத்தை வந்தாலும் அப்படித்தான். சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சுக்குள் இருக்கும், வாய்க்கு வராது. பிறகு அடுப்படியில் நின்று நானே சொல்லிக்கொள்வேன்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லச் சொல்லக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

எப்போது வந்தது என்று தெரியவில்லை. பிள்ளை அவள் முழங்காலில் சாய்ந்து நின்றது. கையை எடுத்து அம்மாவின் வாய்மேல் வைத்தது. உதடு அசைவதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

அஞ்சலாட்சி பதறிப்போய் மிட்டாயை நீட்டினாள். கைச்சூட்டில் அது உருகி உள்ளங்கையெல்லாம் பிசுபிசுத்தது. பிள்ளை அதை ஒரு பார்வை பார்த்தது. எடுக்கவில்லை. திரும்பவும் வாய்மேலேயே கையை வைத்தது.

பேசவில்லை.

மேடம் வந்து கரைசலில் சொட்டு எடுத்து மீட்டரில் வைத்தார். அஞ்சலாட்சி குனிந்து பார்த்தாள். ரீடிங் ஏறியிருந்தது.

"சர்க்கரை கூடியிருக்கே மேடம். ஏறும்னு தெரியும், ஆனா யாரும் போடாம எப்படி?"

"யாரும் போடலை. நார் தண்ணியை மட்டும் எடுத்துக்கிச்சு. சர்க்கரையைத் தொடலை. மிச்சம் இருக்கிறது தித்திச்சுப் போச்சு."

அஞ்சலாட்சி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நாரை எடுத்து ஒரு பிழி பிழிந்தாள். பாகுதான் சொட்டியது.

"எடுத்த தண்ணி வரலையே."

"வராது."

"அப்போ உள்ளே போயிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"நாரைப் பார்த்தாத் தெரியாது. கரைசலைப் பாரு."

வீடு போகிற பஸ்ஸில் அவளுக்கு எந்த நிம்மதியும் வந்துவிடவில்லை. பிள்ளை மடியில் தூங்கியது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை காலை மேடம் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அஞ்சலாட்சி கூடையை வைத்துவிட்டு நின்றாள்.

"நாத்தனார் வந்தாங்களா?"

வந்தாள். பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டி, உன் பேரைச் சொல், தருகிறேன் என்றாள். பிள்ளை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. இதற்குத்தான் சொன்னேன் என்று விருத்தாம்பாள் கொடியில் கிடந்த பிள்ளையின் கவுன்களை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். கதிர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா பேசிச்சா?"

"இல்லை மேடம். ஒரு வார்த்தை இல்லை."

"அப்புறம்?"

அஞ்சலாட்சி முந்தியை விரலில் சுற்றினாள்.

"நான்தான் பேசினேன். கவுனையெல்லாம் பையிலேர்ந்து எடுத்துட்டேன். என் பிள்ளை என்கிட்டதான் அண்ணி இருக்கும், டாக்டர்கிட்டயும் நான்தான் கூட்டிட்டுப் போவேன்னு சொன்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். அவரு தலையைத் தூக்கி என்னையே பார்த்தாரு. அண்ணி தனியாத்தான் பஸ் ஏறினாங்க. எனக்கு இவ்வளவு பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலை மேடம்."

மேடம் கண்ணாடியைத் துடைத்து முடித்து மீட்டரை மூடினார்.

"ரீடிங் ஏறியிருக்கு, அஞ்சலா" என்றார்.