மல்லாந்து கிடந்த இடுப்பெலும்பு

"எனக்கு இது ஏறாது மேடம். நான் வார்டுக்கே திரும்பிப் போயிடறேன்."

தெய்வானை இடுப்பெலும்பை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்பதே சரி.

டாக்டர் ஜமீலா நிமிரவில்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"மெதுவா. இருக்கறதே ஒண்ணுதான்."

ஆசிரியை தெய்வானையைவிட எட்டு வயது சின்னவள். தெய்வானை பத்தொன்பது வருடம் பிரசவ வார்டில் நர்ஸ். எத்தனை பிள்ளைகளைக் கையில் வாங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. நர்ஸிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்ற ஆசையில் உடற்கூறியல் படிக்க வந்தாள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. நாளைக் காலை மூன்றாவது. அதோடு சரி, நாலாவது கிடையாது.

"போன தடவை என்ன கேட்டாங்க?"

"மூத்திரப்பை எங்கேன்னு."

"என்ன சொன்னீங்க?"

"மேலேன்னு."

"கர்ப்பப்பை?"

"அதுக்குக் கீழே."

"மலக்குடல்?"

"எல்லாத்துக்கும் அடியில. தேர்வாளர் சிரிச்சுட்டார் மேடம். பிரசவ வார்டு சிஸ்டரே இப்படின்னா ஊர் உருப்பட்ட மாதிரிதான்னார்."

ஜமீலா சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள்.

"படிக்கலையா?"

"நாலு தடவை படிச்சேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பேரெல்லாம் சொல்வேன். முன்னாடி எது, பின்னாடி எதுன்னு கேட்டாத்தான் போச்சு. கண்ணை மூடினா மேலே, கீழேன்னுதான் வருது."

"கண்ணை மூடினா யாரு தெரியறா?"

தெய்வானை யோசித்தாள்.

"பிள்ளைத்தாச்சிதான்."

"என்ன பண்றா?"

"கட்டில்ல மல்லாந்து கிடக்கா. காலை மடக்கி அகட்டியிருக்கா. நான் கால்மாட்டுல நிக்கறேன்."

"ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தா?"

"என்ன மேடம் கேள்வி? நடந்துதான்."

ஜமீலா எலும்பை எடுத்தாள். அதுவும் மேசையில் மல்லாந்துதான் கிடந்தது. தெய்வானையின் கையில் கொடுத்துச் சுவரைக் காட்டினாள். "நிக்கறவளுக்கு இருக்கற மாதிரி பிடிங்க."

தெய்வானை எலும்பைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள்.

"மேலே ரெண்டு முனை இருக்கில்ல, அது படணும். கீழே முன்னெலும்பும் படணும். மூணும் சேர்ந்து" என்றாள் ஜமீலா.

சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். உள்ளே ஏதாவது இருந்தால் சுவர்மேல் கொட்டிவிடும்போலச் சாய்ந்தபிறகுதான் மூன்றும் பட்டன.

"இவ்வளவு சாய்ஞ்சா ஒருத்தி நிப்பாளா?"

"நீங்க நிக்கறீங்களே."

தெய்வானையின் ஒரு கை தன் இடுப்புக்குப் போயிற்று. இரண்டு முனைகளையும் தடவிப் பார்த்தாள். பிறகு அடிவயிற்றின் எலும்பை.

அப்புறம் எலும்புக்குள் எட்டிப் பார்த்தாள். சுவரை ஒட்டி விரலை விட்டாள்.

"இங்கே மூத்திரப்பை. அதுக்குப் பின்னாடி கர்ப்பப்பை. அதுக்கும் பின்னாடி மலக்குடல்."

ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அது அவளுக்கே தெரியவில்லை. விரல் அடியில் வெளியே வந்து நின்றது. அங்கே எலும்பே இல்லை. வெறும் ஓட்டை.

"மேடம், இதை நான் வாசல்னே நினைச்சுட்டேன். பிள்ளை வர்ற வாசல். அது எப்பவும் என் முகத்துக்கு நேரா இருக்கும்."

"இப்போ?"

தெய்வானை உள்ளங்கையைக் குழித்து ஓட்டைக்கு அடியில் வைத்தாள்.

"தரை. அவ எழுந்து நின்னுட்டா மொத்தப் பாரமும் இந்த ஓட்டையை மூடியிருக்கற சதைமேலதான்."

கையை எடுக்கவில்லை.

"தையல் போட்டு அனுப்பறப்போ, குடம் தூக்காதேம்மான்னு ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லியிருக்கேன். ஏன் சிஸ்டர்னு கேப்பாங்க. சொன்னாச் செய்யேன்னு அதட்டிடுவேன். எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல?"

ஜமீலா மறுபடி பேனாவைத் திறந்தாள்.

"நாளைக்கு அதையே சொல்லுங்க. சிரிச்சாரே, அந்த ஆளுக்கும் தெரிஞ்சிருக்காது."