மூன்று மெஷினில் தைத்த கவுன்

பொதிகை மலை தெரிகிற தூரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்தவரை எல்லோரும் சாமியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஜபம். வெயில் ஏறியதும் தையல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பது மடத்தின் வேலை.

அங்கே வந்து ஜபமும் தையலும் கற்றுக்கொண்டவர்களில் முத்துப்பேச்சியும் ஒருத்தி. சாமியம்மாவுக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. புருஷன் இறந்துபோன பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். போகும்போது மகள் தர்ஷினி சுவரைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தாள். பிள்ளையை சங்கரன்கோவிலில் இருந்த அக்காவிடம் விட்டுப்போனாள். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. இடையில் ஊருக்கு வர அமையவில்லை. பல வருஷம் கழித்து இவள் திரும்பி வரும்போது, பிள்ளை அக்காவையே அம்மா என்று கூப்பிட்டுப் பழகியிருந்தது.

வந்த அன்றைக்குப் போனில் பேசினாள்.

"சித்தி, நல்லா இருக்கீங்களா?" என்று பிள்ளை மரியாதையாகக் கேட்டது.

நல்லா இருக்கேன் என்றாள் முத்துப்பேச்சி. அதற்குப் பிறகு சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏற அவளுக்குக் கால் வரவில்லை.

சொந்தமாக ஒரு தையல் மெஷின் வாங்க வேண்டும். தன் கையால் பிள்ளைக்கு ஒரு கவுன் தைக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டுதான் போய் நிற்க வேண்டும். இப்படி ஒரு எண்ணம் அவள் மனதில் விழுந்துவிட்டது. ஜபத்தில் உட்கார்ந்தாலும் மெஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

ஒரு நாள் சாமியம்மாவிடம் கேட்டாள்.

"உஷா வாங்கவா, சிங்கர் வாங்கவா?"

"ரெண்டும் நல்லதுதான்."

"அப்படிச் சொன்னா எப்படி சாமியம்மா? உஷா மிதிக்க லேசா இருக்கும்ங்காங்க. சிங்கர் ஆயுசுக்கும் உழைக்கும்ங்காங்க. தென்காசிக் கடையில புதுசா ஒரு மோட்டார் மெஷின் வந்திருக்கு. பேரே வாயில நுழையல. பூவேலை, பித்தான் ஓட்டை எல்லாம் அதுவே போடுதாம்."

"அதுவும் நல்லதுதான்."

பக்கத்தில் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்த இசக்கியம்மாள் சிரித்தாள்.

"ஏட்டி பேச்சி, உனக்கு மாப்பிள்ளை பார்க்கையில இவ்வளவு விசாரிச்சாங்களா?"

"குணம், குலம் எல்லாம் விசாரிச்சாங்க. ஆயுசைத்தான் விசாரிக்காம விட்டுட்டாங்க."

இசக்கியம்மாள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். முத்துப்பேச்சிதான் அவள் தோளில் தட்டி, "சும்மா சொன்னேன்க்கா, சிரி" என்றாள்.

சாமியம்மா ஊசியில் நூல் கோத்தபடி கேட்டார்.

"மூணுலயும் தைச்சுப் பார்த்தியா?"

"இல்ல. ஆளாளுக்குச் சொல்லுததைக் கேட்டதுதான்."

"தைச்சுப் பாரு. ஒரே துணி, ஒரே நூல். பிள்ளைக்கு என்ன தைக்கப் போறியோ அதையே மூணுலயும் தை. அப்பத்தானே மெஷினுக்கு மெஷின் என்ன வித்தியாசம்னு தெரியும்?"

முத்துப்பேச்சிக்கு அது சரியாகப் பட்டது. அன்றைக்கே போய் மயில்கழுத்து நிறத்தில், வெள்ளைப் புள்ளி போட்ட பருத்தித் துணி எடுத்தாள். மூன்று கவுனுக்கும் சேர்த்து ஒரே துண்டாக எடுத்தாள்.

தைக்கப் போகிற அன்று காலையில் விளக்கேற்றுவாள். கண்ணை மூடிப் பிள்ளையை நினைப்பாள். நினைத்த கையோடு துணியில் கத்தரியை வைப்பாள்.

முதல் கவுனை அடுத்த வீட்டுத் தங்கப்பழத்தின் உஷாவில் தைத்தாள். அடுத்த வாரம், டெய்லர் மைதீன் பாய் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய சிங்கரில் உட்கார்ந்து இரண்டாவதைத் தைத்தாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு தென்காசிக்கே போனாள்.

"முழுசா ஒரு கவுன் தைச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்னு வந்த ஆளு நீங்க ஒருத்தர்தாம்மா" என்றார் கடைக்காரர். ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஃபேனையும் அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

மூன்றும் முடிந்ததும் இஸ்திரி போட்டு, மடித்து, மடத்துக்குக் கொண்டுவந்தாள். மடிப்பைக் கலைக்காமல், ஒவ்வொன்றின் ஓரத்தை மட்டும் உட்புறமாகத் திருப்பிக் காட்டினாள்.

"இது உஷா. தையல் எவ்வளவு சீரா விழுந்திருக்கு பாருங்க. இது சிங்கர். இழுத்துப் பாருங்க, அசையாது. இது மோட்டார். கழுத்தைச் சுத்தி பூ போட்டிருக்கேன்."

இசக்கியம்மாள் கண்ணருகில் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு மூணும் ஒண்ணு போலத்தான் தெரியுது."

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்க்கா."

"மாத்துனா மட்டும்? பிள்ளை என்ன, தையலை எண்ணிப் பார்த்தா உடுத்தப் போகுது?"

முத்துப்பேச்சி அதைக் காதில் வாங்கவில்லை. சாமியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமியம்மா தையலைப் பார்க்கவில்லை. மூன்று கவுனையும் உதறி விரித்தார். தோளுக்குத் தோள் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பாயில் பரப்பினார்.

மேலே இருந்தது சின்னது. அதற்கு அடியில் இருந்தது ஒரு சாண் நீளம் கூடுதல். அதற்கும் அடியில் இருந்தது இன்னும் பெரியது. கை, இடுப்பு, கழுத்து எதுவும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

"இது யாருக்கு?"

"தர்ஷினிக்கு."

"அடுத்தது?"

"அதுவும் அவளுக்குத்தான்."

"கடைசியில இருக்கிறது?"

முத்துப்பேச்சி பாய்க்குக் கிட்டே வந்தாள். தான் தைத்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

"இந்த வித்தியாசம் எந்த மெஷினோடது பேச்சி?"

அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணை மூடுனா ஒரு நாள் இடுப்புல தூக்கி வச்சுக்கலாம் போல இருக்கா. ஒரு நாள் அக்கா அனுப்புன போட்டோவுல இருக்க மாதிரி ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு நிக்கா. இன்னொரு நாள், என் உசரத்துக்கு வளர்ந்து, என்னை யாருன்னு தெரியாத மாதிரிப் பார்க்கா. அன்னன்னைக்கு எப்படித் தெரிஞ்சாளோ அப்படி வெட்டிட்டேன் போல."

"போட்டோவுல அளவு தெரியலையா?"

"நெஞ்சு வரைக்கும்தான் சாமியம்மா எடுத்திருக்கு."

"அக்காகிட்டப் போன்ல கேட்டிருக்கலாமேட்டி" என்றாள் இசக்கியம்மாள். குரலில் கேலி இல்லை.

"என் பிள்ளை எவ்வளவு உசரம் இருக்கான்னு நானே இன்னொருத்திகிட்டயா கேக்கணும்?"

இசக்கியம்மாள் மடித்த துணியையே திரும்பவும் மடித்தாள். வெளியே தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள்.

முத்துப்பேச்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே மறுபடியும் கேட்டாள்.

"அப்ப எந்த மெஷினைத்தான் வாங்கட்டும்?"

சாமியம்மா மூன்று கவுனையும் எடுத்து, ஒவ்வொன்றாக மடித்து, அவளுடைய பையிலேயே வைத்தார்.

"மூணையும் சங்கரன்கோவிலுக்குக் கொண்டு போ. பிள்ளைக்குப் போட்டுப் பாரு. எது சேருதோ, அந்த மெஷினை வாங்கிக்கோ."

"சித்தின்னுதானே கூப்பிடுவா."

"கூப்பிடட்டும்."

முத்துப்பேச்சி பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மூணுமே சேரலைன்னா?"

"சேராட்டி நல்லதுதான். அளவெடுக்கணும்னா பிள்ளை உன் பக்கத்துல வந்து நிக்கணுமே."