திருமாறன் டாக்டரின் கேபிள்

பல் டாக்டர் திருமாறனுக்கு ஒரே ஒரு குறை. தான் வாசிப்பது யார் காதிலும் விழவில்லை என்பதுதான் அது.

திருச்சியில் அவருடைய கிளினிக்குக்கு நல்ல பெயர். வலிக்காமல் பிடுங்குவார் என்பார்கள். ஆனால் அவர் மனசு முழுக்க, பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கும் நாலு கம்பி பேஸ் கிட்டாரில் கிடந்தது. கல்லூரியில் தொட்டது, படிப்பு, கல்யாணம், கிளினிக் என்று விட்டுப்போய், தலை நரைக்கத் தொடங்கியதும் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. கஜேந்திரன் நடத்தும் மெல்லிசைக் குழுவில், மேடையின் ஓரமாக ஓர் இடமும் கிடைத்திருந்தது.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து.

"கீபோர்டுக்காரர் இடது கையிலயே பேஸ் போட்டுடறார் டாக்டர். பாதி ட்ரூப்பு அப்படித்தான் ஓடுது. மேடையிலயும் இடம் மிச்சம்" என்று கஜேந்திரன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அடுத்து வரும் கல்யாண ரிசப்ஷனுக்கான ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

டாக்டர் நேரே கடைக்குப் போனார். இருந்ததைவிடப் பெரிய ஆம்ப், அதாவது கிட்டாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வாங்கி, காரின் பின்சீட்டில் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைத்து, பொன்மலைக்கு ஓட்டினார். அங்கேதான் அவருடைய குரு இருந்தார்.

குரு என்றால் தாடி வைத்தவர் இல்லை. பெலிசிட்டா டாக்டரைவிட வயதில் மிகவும் சின்னவர். மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டாரும், ஒலிப்பதிவுகளில் டபுள் பேஸும் வாசிப்பவர். வீட்டு மூலையில் பெரிய வயலின்போல, ஆளைவிட உயரமாக அந்த டபுள் பேஸ் நிற்கும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர்கூட அதைச் சுற்றி பயபக்தியோடுதான் நடப்பார்.

இருவருக்கும் பழக்கமானது ஒரு கடைவாய்ப்பல்லால். பெலிசிட்டாவின் அந்தப் பல்லை டாக்டர்தான் பிடுங்கினார். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தவர், கிளினிக் மூலையில் இருந்த கிட்டாரைப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரிங் மாத்தி எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டார். டாக்டர் அன்றைக்கே சிஷ்யரானார். அடுத்த முறை புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க வந்தபோது, "நாக்கு சும்மா சும்மா அங்கயே போகுது டாக்டர்" என்றார் பெலிசிட்டா.

"எல்லாருக்கும் அப்படித்தான் டீச்சர். போகப்போக மறந்துடும்."

இப்போது டாக்டர் ஆம்பை வீட்டுக்குள் இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"டீச்சர், இன்னும் எதை வாங்கினா என் சத்தம் வெளியில கேக்கும்?"

பெலிசிட்டா ஆம்பைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றார்.

அன்று ஒத்திகையில் தேன்மொழி பாடினார். குழுவின் மூத்த பாடகி அவர். டாக்டர் ஆம்பில் பேஸ் என்று எழுதியிருந்த குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, கற்ற வித்தை எல்லாவற்றையும் இறக்கினார். விரல்கள் கிட்டாரின் கழுத்துப்பகுதியில் மேலும் கீழும் ஓடின. தேன்மொழி மூச்சு எடுக்கும் இடத்தில் எல்லாம் அவர் ஏதாவது ஒன்றைச் சொருகினார்.

சரணம் பாதியில் இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெலிசிட்டா கையை நீட்டி ஆம்பிலிருந்து கிட்டார் கேபிளைப் பிடுங்கினார்.

யாரும் திரும்பவில்லை. பாட்டு அதுபாட்டுக்குப் போய் முடிந்தது.

"இந்தத் தடவை நல்லா வந்துச்சு இல்ல?" என்றார் தேன்மொழி.

டாக்டருக்கு அத்தனை பேர் நடுவில் சட்டையைக் கழற்றியதுபோல் கூசியது. எல்லோரும் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தார்.

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"எது வேணும்னு கேட்டீங்க. எதெல்லாம் வேணாம்னு முதல்ல பாத்தேன்."

பெலிசிட்டா பேஸ் குமிழைப் பாதிக்குக் குறைத்தார். நடுவில் இருந்த, நடுத்தர ஒலிக்கான மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றினார்.

"குறைச்சா எப்படி டீச்சர் கேக்கும்?"

"கூட்டினா ஹால் பூரா ஊம்னு ஓடும். என்ன ஸ்வரம்னு யாருக்கும் தெரியாது."

தரையில் இருந்த ஆம்பைத் தூக்கி ஒரு நாற்காலிமேல் வைக்கச் சொன்னார். "உங்க காதுக்கு நேரா இருக்கட்டும். முழங்காலுக்கு எதுக்குப் பாட்டு?"

டாக்டர் தூக்கி வைத்தார்.

"டிரம்ஸ்காரர் வலது காலைப் பாருங்க. அது பெடலை மிதிக்கறப்போ நீங்க ஒரு ஸ்வரம் போடுங்க. தேன்மொழியம்மா மூச்சு விடறப்போ நீங்களும் விடுங்க."

"அவ்வளவுதானா?"

"போட்டதை நிறுத்தணும். இடது கை விரலோட அழுத்தத்தை எடுத்தா போதும், ஸ்ட்ரிங்கை விட்டுக் கையை எடுக்காதீங்க. எங்க நிறுத்தறீங்கங்கறதும் வாசிப்புதான்."

டாக்டருக்கு இதில் துளியும் சந்தோஷம் இல்லை. இவ்வளவு படித்தது காலைப் பார்க்கவா என்று இருந்தது. ஆனாலும் அதே பாட்டை மறுபடி எடுத்தபோது, சொன்னதை மட்டும் செய்தார். ஒரு ஸ்வரம், நிறுத்தம், ஒரு ஸ்வரம். கொஞ்ச நேரத்தில் டிரம்ஸ்காரர் லேசாகத் தலையாட்டத் தொடங்கினார். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்வை அந்தக் காலைவிட்டு அகலவில்லை.

அதே சரணம். பெலிசிட்டா மறுபடியும் கேபிளைப் பிடுங்கினார்.

தேன்மொழியின் குரல் ஒரு கணம் தடுமாறியது. பாடிக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்த்தார். டிரம்ஸ்காரர் குனிந்து தன் பெடலைப் பார்த்தார். மூலையில் செல்போனில் மூழ்கியிருந்த கஜேந்திரன் தலையைத் தூக்கினார்.

"என்னப்பா ஆச்சு? பாட்டு என்னமோ காத்துப்போன மாதிரி ஆயிடுச்சே. கரண்டு ஏதாச்சும் குறையுதா?"

என்ன போயிற்று என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

"ஒண்ணுமில்ல சார். கேபிள் கழண்டுடுச்சு" என்று பெலிசிட்டா அதை மறுபடி சொருகினார்.

"நல்லா அழுத்திச் சொருகுங்க டாக்டர். ரிசப்ஷன்ல இப்படி ஆச்சுன்னா மானம் போயிடும்" என்றார் கஜேந்திரன், போனுக்குத் திரும்பியபடி.

தன் இடம் தனக்கே என்று முடிவாகிவிட்டது டாக்டருக்கு அடுத்த பாட்டில்தான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது. அதற்காக அந்தக் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ரிசப்ஷன் அமர்க்களமாக நடந்தது. தேன்மொழிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கீபோர்டுக்காரர் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் மாமா குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். பிறகு டாக்டர் பக்கம் வந்து, கிட்டாரை உற்றுப் பார்த்துவிட்டு, "நாலு கம்பிதான் இருக்கு, ரெண்டு அறுந்துபோச்சுங்களா?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

பெலிசிட்டா கூட்டத்துக்குப் பின்னால் நின்று முழுக் கச்சேரியையும் கேட்டிருந்தார். சாப்பாட்டுக்கூடத்தில் அவர் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, டாக்டர் கேபிளைச் சுருட்டியபடி வந்து பக்கத்தில் நின்றார்.

"எல்லாம் நீங்க சொன்னபடிதான் வாசிச்சேன் டீச்சர். ஆனா, கடைசிவரைக்கும் நான் யார் காதுலயும் விழலையே."

பெலிசிட்டா ஐஸ்கிரீமை வாய்க்குள் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்.

"நீங்க பிடுங்கின பல்லு இருந்த இடத்துக்குத்தான் என் நாக்கு இன்னும் போகுது டாக்டர். பக்கத்துல நல்லா இருக்கற பல்லு எதையும் அது ஒருநாளும் தேடினதில்ல."