ஜாக்கி ஏறிப் போன மாப்பிள்ளை

பொட்டல்குறிச்சிக்காரர்கள் சொன்னதை அப்படியே செய்வார்கள். ஒரு சொல் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள்.

அந்த ஊர்த் தவசிக்கு ஆலங்கரையில் கல்யாணம். காலை ஒன்பது மணிக்குள் வராவிட்டால் பெண்ணை முறைமாமனுக்குக் கட்டிவைத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

மச்சான் சொரிமுத்துதான் கார் ஓட்டினான். பழைய காரை விற்ற மெக்கானிக் ஜாக்கியைக் கொடுத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "எண்ணெய் குறையாமப் பாத்துக்கோங்க. படுக்கப் போடாம நிமித்தியே வைங்க. சமதரையில வச்சுத்தான் வண்டியத் தூக்கணும். மத்த சக்கரத்துக்குக் கல்லு கொடுங்க. தூக்கும்போது உள்ள ஆளு இருக்கக்கூடாது. வண்டிக்கு அடியில தலையக் கொடுக்காதீங்க."

ஆகவே சனிக்கிழமை தவறாமல் ஜாக்கிக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினார்கள். கல்யாணத்தன்று அது முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தது. சீட்டுப் பறிபோன சித்தப்பா ஆவுடையப்பன் மாப்பிள்ளை மடியில் உட்கார்ந்தார்.

ஊர் எல்லை மேட்டில் ஏறும்போது பின்டயர் பஞ்சர்.

"சமதரை வேணுமே" என்றான் சொரிமுத்து.

"நம்ம நெல்லடிக்கிற களத்தை விட்டா ஏது?" என்றார் சித்தப்பா.

பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரை ஊருக்கே திருப்பித் தள்ளினார்கள். களத்தில் நிறுத்தி, மற்ற மூன்று சக்கரத்துக்கும் கல் வைத்து, ஜாக்கியை அடித்தார்கள். பஞ்சரான சக்கரம் தரையை விட்டு எழும்பியது.

தவசி ஸ்டெப்னியை உருட்டி வந்தான். சித்தப்பா தடுத்தார்.

"பஞ்சர் டயர் தரையில பட்டாத்தானடா தொந்தரவு? இப்பதான் படலையே. நல்ல டயரை எதுக்குப் புழுதியாக்கணும்?"

நியாயமாகத்தான் பட்டது. தூக்கும்போதுதான் உள்ளே ஆள் இருக்கக்கூடாது, தூக்கியாயிற்று. எல்லோரும் ஏறினார்கள். அந்தரத்தில் இருந்த சக்கரம் விர்ரென்று சுற்றியது. மீட்டர் அறுபது காட்டியது.

"மாமா, காத்தே வரலையே" என்றான் சொரிமுத்து.

"பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார் சித்தப்பா.

"வெளிய வேப்பமரமாவே வருது."

"இந்த ரோடு பூரா வேம்புதான் வச்சிருப்பான்."

அறுபதில் அரைமணி ஓடியாயிற்று, ஆலங்கரை வந்திருக்கும் என்று சொரிமுத்து எஞ்சினை அணைத்தான். தவசி இறங்கிப் பார்த்தான். பந்தல் இல்லை, மேளம் இல்லை. முறைமாமன் முந்திக்கொண்டானோ?

அந்நேரம் ஒரு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையைத் தேடிப் பெண்ணோடு கிளம்பி வந்த மாமனார் குதித்து இறங்கினார்.

"மாப்ளே, மணி ஒன்பதாகப் போகுது. இங்க என்ன பண்றீங்க?"

"நாங்க வந்து நேரமாச்சு மாமா. கல்யாணத்தை வச்சுக்கிட்டு ஊரை விட்டு நீங்க எங்க போனீங்க?"

மாமனார் களத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "தப்புத்தான் மாப்ளே. கல்யாண அலைச்சல்ல சொந்த ஊரே எனக்கு அடையாளம் தெரியல."

வேப்பமரத்தடியில் தாலி ஏறியது. வெயில் ஏறுமுன் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று சித்தப்பா அவசரப்படுத்தினார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் ஏற்றி, மறுபடி அரைமணி அறுபதில் ஓட்டி, பொட்டல்குறிச்சிக் களத்தில் பத்திரமாக இறக்கினார்கள்.

புதுப்பெண் தவசியின் காதோடு சொன்னாள்: "உங்க மச்சான் எவ்வளவு பதமா ஓட்டுறாரு. மடியில வச்ச பூ கூட அசையல."