அவுட் பெஞ்சு

விசில் ஊதிப் பாடம் நடத்துகிற வாத்தியாரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? திருப்பூரில் ஒருவர் இருந்தார். பெயர் நாச்சிமுத்து. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

ஆனால் அவர் விசில் ஊதி நடத்தியது டிரில் வகுப்பு இல்லை. ஸ்பானிஷ்.

அவருடைய மகன் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போனவன், அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். மருமகள் போனில் என்ன பேசினாலும் நாச்சிமுத்து சிரிப்பார். சிரித்துச் சிரித்து வாய் வலித்ததுதான் மிச்சம். இனி இது ஆகாது என்று அறுபது வயதில் நோட்டும் பேனாவுமாக வான்மதி டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார்.

வான்மதி டீச்சர் அவருடைய மகனைவிடச் சின்னவர். மருந்துக் கடை மாடியில் ஒரே ஓர் அறை. அதுதான் பள்ளி. பனியன் கம்பெனிகளுக்கு ஸ்பெயினிலிருந்து ஆர்டர் வருகிற ஊர் என்பதால் படிக்க ஆட்களுக்குக் குறைவில்லை.

நாச்சிமுத்து ஒரு வருஷம் படித்தார். அதற்குப் பிறகு, புதிதாகச் சேருகிறவர்களின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை டீச்சர் அவர் கையில் கொடுத்தார்.

"எனக்கே இன்னும் பாதி தெரியாதுங்களே டீச்சர்."

"தெரிஞ்ச பாதியைச் சொல்லிக் குடுங்க சார். மீதியை நான் சொல்லித் தர்றேன்."

அன்றைக்கே பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

படித்ததை மறக்காமல் இருக்க அவர் ஓர் ஆட்டம் வைத்திருந்தார். பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து. எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும். பந்தை எறிகிறவர் 'தைக்க' என்றால், பிடிக்கிறவர் 'கொஸேர்' என்று சொல்ல வேண்டும். 'தைக்கிறேன்' என்றால் 'கொஸோ'. 'தைக்கிறோம்' என்றால் 'கொஸேமோஸ்'. விசில் ஊதுவதற்குள் பதில் வராவிட்டால் அவுட். அவுட்டானவர் ஜன்னலோரப் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். கடைசிவரை நிற்கிறவருக்குக் கடலை மிட்டாய்.

வகுப்பு கலகலவென்று நடந்தது. சட்டைக் கைக்கு ஸ்பானிஷில் 'மாங்கா' என்று தெரிந்த நாளில் எழுந்த சிரிப்பைக் கேட்டு, கீழே இருந்த மருந்துக் கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாச்சிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு செல்லமணி மட்டும் நின்றாள்.

செல்லமணி பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். காலையிலிருந்து இருட்டும்வரை நின்றுகொண்டே துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்க்கிற வேலை. அடுத்த மாதம், ஆர்டர் கொடுக்கிற ஓர் அம்மா ஸ்பெயினிலிருந்து கம்பெனியைப் பார்க்க வருகிறார். அவரோடு நாலு வார்த்தை பேசி டேபிள் டேபிளாகக் கூட்டிக்கொண்டு போகிறவருக்குத்தான் சூப்பர்வைசர் இடம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சூப்பர்வைசருக்கு நாற்காலி உண்டு. செல்லமணி ஸ்பானிஷ் படிக்க வந்தது அந்த நாற்காலிக்காக.

"சார், அடுத்த வாரத்துல இருந்து நான் வர்லீங்க."

"ஏம்மா?"

"மண்டையில ஏறலீங்க. அந்த நாற்காலிக்கும் எனக்கும் ராசியில்லைன்னு விட்டுர்றேன்."

"ஆட்டத்துல எல்லாரோடயும் நல்லாத்தானே சிரிக்கறே?"

"சிரிக்கறதுக்கு ஸ்பானிஷ் எதுக்குங்க சார்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலமே நாச்சிமுத்து டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் முறத்தில் பச்சைப்பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், விளையாட்டாச் சொன்னா எல்லாருக்கும் ஏறும்னு நெனச்சேன். செல்லமணிக்கு மட்டும் ஏன் ஏறமாட்டேங்குது?"

"ஆட்டத்துல என்ன பண்ணுவா?"

"மொத ஆளா அவுட்டாவா. போய் உக்காந்துக்குவா. இப்பெல்லாம் நான் பந்தை எடுத்தாலே போன் வந்துருச்சுன்னு வெளியே போயிர்றா. அக்கறை இல்லீங்க டீச்சர், அவ்வளவுதான்."

டீச்சர் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டார்.

"புதன்கிழமை பெரிய வகுப்புக்கு வாங்க சார். பந்தையும் விசிலையும் மறக்காமக் கொண்டாங்க."

புதன்கிழமை வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறவர்கள். நாளெல்லாம் ஸ்பெயின்காரர்களோடு போனில் மல்லுக்கட்டுகிறவர்கள். அவர்கள் படித்துக்கொண்டிருந்தது நடந்து முடிந்ததைச் சொல்கிற பாடம். நாச்சிமுத்து அதை இப்போதுதான் ஆரம்பித்திருந்தார்.

"இன்னைக்கு நாச்சிமுத்து சாரோட ஆட்டம். சாரும் ஆடறார்" என்று சொல்லி, டீச்சர் விசிலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

தினகர் என்ற பையன் பந்தை நேராக அவரிடமே எறிந்தான்.

"என்கிட்ட இருந்தது!"

நாச்சிமுத்து பந்தைப் பிடித்துவிட்டார். கை அந்தக் காலத்துக் கை. வாய்தான் தடுமாறியது.

"தெனீ..."

விசில் ஊதியது. அன்றைய பாடத்தின்படி சரியான பதில் 'தூவே'.

"தேனிக்கா சார்? பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்" என்றான் தினகர்.

எல்லாரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தார். டீச்சர் பெஞ்சைக் கை காட்டினார். போய் உட்கார்ந்தார்.

வட்டத்தில் பந்து பறந்தது. சொற்கள் சடசடவென்று விழுந்தன. வட்டத்தில் நின்றவர்கள் முதுகு காட்டி நின்றதால் பெஞ்சில் இருந்தவருக்குப் பாதி கேட்கவில்லை. காதில் விழுந்த மீதியும் தன்னிடம் சொன்னதாக இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஆட்டம். பந்து இந்தத் தடவை வேறு ஒரு பெண்ணிடமிருந்து வந்தது.

"செய்தேன்!"

"அஸீ."

விசில். அது 'ஈஸே'.

யாரோ சிரித்தார்கள். நாச்சிமுத்து இந்தத் தடவையும் சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது. பெஞ்சுக்கு வழி யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்துக்கு எல்லாரும் எழுந்து வட்டமானார்கள். நாச்சிமுத்துவின் கை சட்டைப்பைக்குப் போனது.

"டீச்சர், மருமக கூப்பிடற நேரம். ஒரு நிமிஷம்..."

"பேசிட்டு வாங்க சார்."

மாடிப்படியில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவில்லை. உள்ளே விசில் சத்தமும் சிரிப்பும் கேட்டன. கீழே மருந்துக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தபோது, "சரி, சரி" என்று போனில் சொன்னார்.

சொன்ன பிறகுதான் கையிலிருந்த போனைப் பார்த்தார். ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்றார்.

எல்லாரும் போன பிறகு டீச்சர் பலகையைத் துடைத்தார்.

"இன்னைக்கு என்ன படிச்சீங்க சார்?"

"எதிர்த்த டீக்கடையில பால் பொங்கி வழிஞ்சுது. பல்லடம் பஸ்ஸுல இன்னைக்குக் கூட்டமே இல்லை."

"மருமக என்ன சொல்றா?"

நாச்சிமுத்து பந்தைக் கையில் எடுத்தார். பந்தில் பிரிந்து தொங்கிய நூலை உள்ளே செருகிக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்த ஆட்டத்தையே விட்டுரட்டுங்களா டீச்சர்?"

"எதுக்குங்க? நல்ல ஆட்டந்தானே."

"அப்புறம் என்னதான் பண்றது?"

"டிரில் மாஸ்டர்கிட்ட நான் ஒண்ணு கேக்கறேன். பசங்க தொட்டுப் பிடிச்சு ஆடறாங்க. அதுல யாரு சார் ரொம்ப ஓடறது?"

"பிடிபட்டவன்தான். இன்னொருத்தனைத் தொடறவரைக்கும் ஓடிட்டே இருக்கோணும்."

"மொத ஆளாப் பிடிபட்டவன்?"

நாச்சிமுத்து ஜன்னலோரப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நீட்டினார். அவர் அதை வாங்கிக் கழுத்தில் மாட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் செல்லமணிக்குப் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறையுதும்மா. இந்த ஒரு நாள் மட்டும் வா."

"நான் வந்தா ஆட்டத்துக்கா ஆள் கூடும்? பெஞ்சுக்குத்தான் சார் கூடும்."

"பெஞ்சு இந்த வாரம் வேற ஆளுக்கு."

என்னவென்று பார்க்கவாவது வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து வட்டத்தின் நடுவில் நின்று புது விதியைச் சொன்னார். விசில் கிடையாது. தப்பாகச் சொன்னவர் அங்கேயே நிற்க வேண்டும். சரியான பதிலைக் கேட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டு, அடுத்த பந்தை அவர்தான் எறிய வேண்டும். தப்பில்லாமல் தொடர்ந்து மூன்று பதில் சொன்னவர் மிட்டாயை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட வேண்டும்.

"ஜெயிக்கறவங்களுக்குத் தண்டனையா சார்?" என்றாள் பிரேமா. ஒவ்வொரு வாரமும் மிட்டாய் வாங்குகிறவள் அவள்தான்.

"உக்காந்து தின்னறது தண்டனையாம்மா?"

முதல் பந்து செல்லமணியிடம் போனது. எறிந்தது பிரேமா.

"வெட்ட!"

செல்லமணிக்கு வரவில்லை. பழக்கதோஷத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு நடந்தாள். பெஞ்சில் வான்மதி டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவர் எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

"இங்க இடமில்லைம்மா" என்றார் டீச்சர்.

ஐந்து பேர் உட்காரலாம் அந்தப் பெஞ்சில். செல்லமணி பெஞ்சைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"கொர்த்தார்" என்றார் நாச்சிமுத்து.

"கொர்த்தார்." செல்லமணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு பிரேமாவிடம் எறிந்தாள். "வெட்டறேன்!"

"கொர்த்தோ" என்றாள் பிரேமா.

பந்து சுற்றி வந்தது. செல்லமணிக்கு மறுபடியும் தப்பியது. மறுபடியும் பந்து அவள் கையில். "வெட்டறோம்!" என்று பிரேமாவிடமே எறிந்தாள்.

"கொர்த்தாமோஸ். ஏனக்கா, எல்லாத்தையும் என்கிட்டயே கேக்கறீங்க?"

"எனக்குத் தெரியாததைத் தெரிஞ்சவங்ககிட்டத்தானே கேக்கோணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். செல்லமணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

அடிக்கடி தப்பியதால் கேட்பவள் பெரும்பாலும் அவள்தான்; எல்லாருடைய பதிலும் அவளைப் பார்த்தே வந்தது. தைக்க, துவைக்க, அளக்க, மடிக்க. ஓட்டை, கறை, நூல், ஊசி. பிரேமா மூன்று சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போனாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள். டீச்சர் நகர்ந்து நகர்ந்து அவர்களுக்கு இடம் கொடுத்தார். மின்விசிறி ஓடியும் செல்லமணிக்கு வியர்த்தது.

பந்து வந்தது.

"தைக்கிறேன்!"

"கொஸோ."

சுற்றிவிட்டு மறுபடி வந்தது.

"தைக்கிறோம்!"

"கொஸேமோஸ்."

நாச்சிமுத்துவின் கை பைக்குள் இருந்த விசிலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வெட்டறோம்!"

செல்லமணி பந்தைப் பிடித்தாள். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

"கொர்த்தாமோஸ்."

பெஞ்சிலிருந்து பிரேமாதான் முதலில் கை தட்டினாள். "வாங்கக்கா" என்று டீச்சர் பக்கமாக நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டாள்.

நாச்சிமுத்து கடலை மிட்டாயை நீட்டினார். செல்லமணி அதை வாங்கிக் கைப்பையில் போட்டாள். பெஞ்சில் இருந்த இடத்தைப் பார்த்தாள். பந்து இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"சார், எனக்கு உக்காரோணும்னா அது கம்பெனி நாற்காலியிலதானுங்க. இங்க இன்னொரு ஆட்டம் நிக்கட்டுங்களா?"