உண்டு, இல்லை: இரண்டு தாள்கள்

இந்தக் கதையில் இரண்டு தாள்கள் வருகின்றன. அவற்றில் எழுதியிருப்பதை அவசரப்படாமல் படிப்பவர்களுக்குத்தான் விடை கிடைக்கும். கதையில் வருகிறவர்கள் அவசரப்பட்டார்கள்.

தென்காசிப் பக்கம் செண்பகவடிவு என்றொரு தையற்காரி. ஆறு வருஷமாக எச்.ஐ.வி.யோடு வாழ்கிறாள். மாத்திரையை ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. மகள் முத்தழகிக்கு மூன்று வயது. அவளுக்கு நோய் இல்லை என்று பதினெட்டாம் மாதமே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். சோற்றை நுனிநாக்கில் வைத்துச் சூடு பார்த்த பிறகே மகளுக்கு ஊட்டுவது செண்பகவடிவின் பழக்கம்.

இந்த நோயுள்ள பெண்களுக்கு வாய், குடல் போன்ற ஈரமான இடங்களில் கிருமிகளைத் தடுக்கும் உடம்பின் காவல் எப்படி இருக்கிறது என்று ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ந்தார்கள். அவளும் இரத்தம் கொடுத்தாள், பஞ்சுக் குச்சியால் கன்னத்துக்குள் தேய்த்து எச்சிலும் கொடுத்தாள். மறுமாதம் இரண்டு தாள்கள் கைக்கு வந்தன. விளக்கிச் சொல்ல வேண்டிய நர்ஸ் அன்று லீவு.

முதல் தாளில், 'இரத்தம்: எச்.ஐ.வி. கிருமி தென்படவில்லை.' இரண்டாவதில், 'உமிழ்நீர்: எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் உண்டு.'

உமிழ்நீர், எச்.ஐ.வி., உண்டு. இந்த மூன்று சொற்கள்தான் அவள் கண்ணில் பட்டன. எத்தனை வாய் சோறு ஊட்டியிருப்பாள், எத்தனை முத்தம் கொடுத்திருப்பாள்! அன்றிலிருந்து மகளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். பிள்ளை மடியேற வந்தால் பதறி எழுந்துவிடுவாள். மாத்திரையை மட்டும் விடவில்லை.

கணவன் இசக்கிராஜ் முதல் தாளைப் பிடித்துக்கொண்டான். "கிருமியே இல்லன்னு போட்டுருக்காவல்லா. பொறவு எதுக்குட்டி மாத்திரை? அத நிறுத்திட்டு பிள்ளையத் தூக்கிக் கொஞ்சு" என்றான்.

அவளுடைய அக்காள் பேச்சிக்கனியோ, இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்கும் என்றாள். மறுபடி சோதிக்கும்வரை பிள்ளை தன் வீட்டில் இருக்கட்டும் என்று துணிமணியை மூட்டை கட்டினாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே முத்தழகி கேட்டாள்: "எம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

செண்பகவடிவு ஓரடி எடுத்து வைத்து, அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளையைக் கட்டிக்கொள்ளவும் பயம், அனுப்பவும் பயம்.

இப்போது சொல்லுங்கள். எந்தத் தாள் பொய் சொன்னது? மூவரில் யார் செய்தது சரி?

விடை: இரண்டு தாளும் உண்மையைத்தான் சொன்னன. முதல் தாள் தேடியது கிருமியை. இரண்டாவது தேடியது, கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்கிக்கொள்ளும் பொருளை. அது எச்சிலிலும் இருக்கும், யாரையும் தொற்றாது. முத்தத்தாலோ சூடு பார்த்த சோற்றாலோ இந்த நோய் பரவுவதும் இல்லை. ஆனால் தென்படாத கிருமி ஒழிந்துபோன கிருமி அல்ல. மாத்திரை அதை அடக்கி வைத்திருக்கிறது, நிறுத்தினால் மறுபடி தலைதூக்கும். ஆகவே மாத்திரையை விடாததில் அவள் சரி, கொஞ்சச் சொன்னதில் அவன் சரி. அக்காள் செய்தது பாசத்தால்தான், ஆனாலும் தப்பு. மூட்டையைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளையைத் தூக்க வேண்டும்.